தலைமாட்டு மணி

"அதான் எப்பிடியும் எழுந்திருக்கற இல்ல? அப்புறம் இன்னாடா?"

"அத்தத்தாண்ணே டாக்டர் சொல்றாரு. எழுந்திருக்கவே கூடாதாம். ராத்திரி படுத்தா காலைலதான் கண்ணு முழிக்கணுமாம்."

"அத உன் வயித்தாண்ட சொல்லச் சொல்லு. எங்ககிட்ட இன்னாத்துக்குச் சொல்றாரு?"

கடைசியாகப் பேசியது அண்ணி ராஜாம்பாள். குழம்பைக் கிளறிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள். அண்ணன் நாராயணசாமிக்குச் சிரிப்பு வந்து, வாயில் இருந்த சோறு புரையேறிவிட்டது. தலையைத் தட்டிக்கொண்டு தண்ணீர் குடித்தான். தம்பி கொளஞ்சியப்பன் மருந்துக் கடைப் பையைக் கையில் பிடித்தபடி கதவோரமாக நின்றான். கள்ளக்குறிச்சி போய் வந்த சட்டையைக்கூட இன்னும் கழற்றவில்லை.

"பை வெப்பாங்களாம்ணே" என்றான்.

"இன்னா பை?"

"இப்பிடியே போனா குடல எடுத்துட்டு, வயித்துல ஓட்டை போட்டு, பை மாட்டுவாங்களாம். எல்லாம் அதுலதான் வருமாம்."

ராஜாம்பாள் இப்போது திரும்பினாள். அவன் முகத்தையும் வயிற்றையும் ஒருமுறை பார்த்தாள்.

"நல்லதாப் போச்சு" என்றாள். "அந்தத் தகரக் கதவாவது மிச்சமாவும்."

தகரக் கதவு என்றது கொல்லையில் இருக்கும் கக்கூஸின் கதவு. அதைத் திறந்தால் வீடு முழுக்கக் கேட்கும். இரவில் அவன் எத்தனை முறை போகிறான் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததோடு நிற்காமல், கரும்பு வெட்ட வரும் ஆட்களிடம் சொல்லிச் சிரிக்கவும் செய்தார்கள்.

கொளஞ்சியப்பனுக்குப் பெருங்குடலில் புண். கண்டதைத் தின்று வந்து, கஷாயத்தில் நின்று போகிற வயிற்றுப்போக்கு இல்லை இது. உடம்பு தன் குடலையே எதிரி என்று தப்பாக நினைத்துக் கடித்துக்கொண்டிருக்கும் வியாதி. ரத்தமும் சளியுமாகப் போகும். மாத்திரை போட்டால் அடங்கும். அடங்கியது ஓடிப் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை, உள்ளே படுத்துத் தூங்குகிறது என்றுதான் அர்த்தம். அவனுக்கும் முன்பு அப்படி அடங்கி, அவன் எலும்பில் மறுபடி சதை பிடித்து, பெண் பார்க்கலாமா என்று வீட்டில் பேச்செடுக்கும் அளவுக்கு ஆகியிருந்தது.

சேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வாரம் ஒருமுறை வரும் டாக்டர், கலீலுல்லாவின் மருந்துக் கடைக்குப் பின்னால் உள்ள அறையில் உட்கார்ந்து பார்ப்பார். மிளகாய் பற்றிக் கேட்பார் என்று எதிர்பார்த்துப் போனவனிடம் அவர் முதலில் கேட்டது தூக்கத்தைப் பற்றி.

"மொளகா சேத்துக்கறதே இல்ல சார்" என்றான் இவன், கேட்காததற்குப் பதிலாக.

"மிளகாய விடுங்க. ராத்திரி எப்படித் தூங்கறீங்க?"

"எங்க சார் தூங்கறது? மணி அடிக்கும்."

"என்ன மணி?"

அவன் சொல்லச் சொல்ல டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அப்புறம், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். "தூக்கம் கெட்டதாலதான் இந்த நோயே வந்துச்சுன்னு நான் சொல்லல. ஆனா அடங்கிக் கிடக்கறத உசுப்பி விடத் தூக்கம் கெட்டாப் போதும். அது எழுந்தா உங்கள எழுப்பும். நீங்க எழுந்தா அது இன்னும் நல்லா எழுந்துக்கும். மாடு செக்கு சுத்தற மாதிரி இது சுத்திக்கிட்டே இருக்கும். ஒரு பக்கம் நான் மாத்திரைய வெச்சுக் கயித்த அறுக்கறேன். இன்னொரு பக்கத்த நீங்கதான் அறுக்கணும். ஒரு மாசம். அடுத்த தடவ குழாய் விட்டுப் பாக்கும்போதும் குடல் இப்படியே இருந்துச்சுன்னா, ஆபரேஷன் பண்றவருக்குத்தான் எழுதிக் குடுக்க வேண்டியிருக்கும்."

"பகல்ல தூங்கிக்கறேன் சார்."

"பகல் தூக்கம் கடன் வாங்கின சட்டை மாதிரி. போட்டுக்கலாம், உங்களுக்குச் சரியா இருக்காது."

ஆக, அவனுக்கு வேண்டியது ஒரு மாதத்து ராத்திரித் தூக்கம். அதைத் தர வேண்டியவன் சோற்றைப் பிசைந்துகொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தான்.

அந்த மணியின் கதையைச் சொல்லாவிட்டால் இது யாருக்கும் புரியாது. கச்சிராயபாளையத்துக் கரும்புக்குத் தண்ணீர் பாய வேண்டுமானால் மோட்டார் ஓட வேண்டும். மோட்டார் ஓட மும்முனைக் கரண்டு வர வேண்டும். அது முறை வைத்து வரும். ராத்திரி முறை என்றால் எந்த நேரத்தில் வரும், எப்போது புட்டுக்கொண்டு போகும் என்று கரண்டு ஆபீஸ்காரனுக்கே தெரியாது. வந்த உடனே எழுந்து மோட்டாரைப் போட்டு, மண்வெட்டியோடு வரப்பில் நின்று, ஒரு பாத்தி நிறைந்ததும் அடுத்த பாத்திக்கு மடை திருப்ப வேண்டும். தானாக ஓட வைக்கும் 'ஆட்டோ' பெட்டி கடையில் கிடைக்கிறது. ஆனால் பெட்டிக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியாதே. அதற்கு ஆள்தான் வேண்டும்.

அப்படி இருந்த ஆள் கந்தசாமி. கல்வராயன் மலைக்காரன். பெண்டாட்டி செவ்வந்தியோடும் கைக்குழந்தையோடும் மோட்டார் கொட்டாயிலேயே குடியிருந்தான். பகலெல்லாம் கரும்புக்குத் தோகை உரித்துவிட்டு, ராத்திரி கரண்டுக்காகக் காத்திருப்பான். அசந்து தூங்கியும் போவான். ஒரு விடியலில் கொளஞ்சியப்பன் போய்ப் பார்க்கும்போது கரண்டு வந்து போயே விட்டிருந்தது. பாத்திகள் வெடித்துக் கிடந்தன. கந்தசாமி குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். இவன் ஒரு குடம் தண்ணீரை அவன் முகத்தில் ஊற்றினான். தண்ணீர் பக்கத்தில் படுத்திருந்த குழந்தை மேலும் கொட்டியது.

ஆனால் கொளஞ்சியப்பன் படித்தவன். ஐடிஐயில் எலக்ட்ரீசியன். தினமும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவது அவன் படிப்புக்கு அழகில்லை. கள்ளக்குறிச்சியில் மஜீதின் காயலாங்கடையில், ஏதோ பள்ளிக்கூடத்தில் கழித்துப் போட்ட மணி ஒன்றைப் பார்த்தான். சிவப்புப் பெயிண்ட் அடித்த பெரிய கிண்ணம், அதை அடிக்க ஒரு சுத்தி. அதை, மும்முனையில் கடைசியாக உயிர் வரும் மூன்றாவது கம்பியில் இணைத்து, கந்தசாமியின் தலைமாட்டுக்கு நேர் மேலே, கை எட்டாத உயரத்தில் மாட்டினான். கரண்டு வந்தால் மணி அடிக்கும். மோட்டார் சுவிட்சைப் போட்டால்தான் நிற்கும். அண்ணனைக் கூட்டி வந்து காட்டினான். அண்ணன் தம்பியின் முதுகில் தட்டினான். ஊரில் நாலு பேர் வந்து பார்த்துவிட்டு, "கொளஞ்சி மண்டையே மண்டைடா" என்றார்கள். வாழ்க்கையில் அவன் சொந்தமாகச் செய்த ஒரே பொருள் அதுதான்.

கரண்டு ஒழுங்காக வந்தால் மணி ஒருமுறைதான் அடித்திருக்கும். ஆனால் அது கண் சிமிட்டிச் சிமிட்டி வந்தது. ஒவ்வொரு சிமிட்டலுக்கும் மணி அலறியது. சில நாள் கழித்துக் கந்தசாமி வந்து நின்றான்.

"சின்னவரே, அத்தக் கொஞ்சம் கழட்டிடுங்க. கொளந்த தூங்க மாட்டேங்குது. நான் முழிச்சிக்கறேன், சத்தியமா."

"கொளந்தைக்கும் வேலை பழகட்டும் உடு" என்றான் கொளஞ்சியப்பன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனுக்கும் தான் சொன்னது பிடித்திருந்தது. அன்று சாயந்திரம் அதை இன்னும் இரண்டு பேரிடம் திருப்பிச் சொன்னான்.

கந்தசாமி ஒருநாள் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு மலை ஏறிப் போய்விட்டான். கொஞ்ச நாள் நாராயணசாமியே முனகிக்கொண்டு மடை திருப்பினான். அந்தச் சமயத்தில்தான் தம்பி ராத்திரியில் ஒரு தடவை, இரண்டு தடவை கொல்லைக்கு எழுந்து போவதை ராஜாம்பாள் கவனித்தாள்.

"ஒருத்தன் சும்மாவே எழுந்து போய்க்கினு இருக்கறான். நீ எதுக்குத் தூக்கத்தக் கெடுத்துக்கற?" என்று புருஷனைக் கேட்டாள்.

இந்த வீட்டில் வேறு யாருக்கும் தோன்றியிருக்க முடியாத கணக்கு அது. வியாதி எப்படியும் எழுப்புகிறது, அந்த எழுச்சி வீணாகக் கொல்லையில் போகிறது, அதைக் கரும்புக்குத் திருப்பி விட்டால் என்ன? மடை திருப்புவது போலத்தான். நாராயணசாமி கொட்டாயிலிருந்து வீட்டின் பின் அறைக்கு ஒயர் இழுத்தான். தம்பி செய்த மணி தம்பியின் தலைமாட்டுக்கு வந்தது. கை எட்டாத உயரம் என்பதையும் மறக்கவில்லை.

அதற்கப்புறம் வியாதி எழுப்பாத நேரத்தில் மணி எழுப்பியது. மணி எழுப்பாத நேரத்தில் வியாதி எழுப்பியது. இரண்டும் சும்மா இருக்கும் அபூர்வமான பொழுதுகளில், எது முதலில் வரும் என்ற யோசனை எழுப்பியது. அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்களும் கேள்விப்பட்டார்கள். "கொளஞ்சி, நீ எப்பிடியும் எழுந்துப்ப. எங்க மோட்டாரையும் அப்பிடியே போட்டு உட்டுடேன்." டார்ச் விளக்கோடு கொட்டாய் கொட்டாயாக நடந்தான். நடுவில் கரும்புக்குள் ஒதுங்கினான். ஊரில் அவனுக்கு 'ஆட்டோ' என்று பெயர் வைத்தார்கள். பெல்ட்டில் இன்னொரு ஓட்டை போட்டு இறுக்கினான். பிறகு இன்னொன்று.

"சரிடா" என்றான் நாராயணசாமி கை கழுவிக்கொண்டே. பை என்ற சொல் அவனையும் கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும். "நான் ஒண்ணும் ராட்சசன் இல்ல. கந்தசாமியப் போய்க் கூட்டிக்கினு வா. அவன் கொட்டாயில வந்து படுத்தான்னா, அன்னிக்கே உன் ரூம்லேர்ந்து மணியக் கழட்டிடறேன்."

"கழட்டி?"

"கழட்டி, மறுபடி இருந்த எடத்துல மாட்டிடறேன். அவன் தூங்கறவன்தானே?"

கொளஞ்சியப்பனுக்கு அந்த ஏற்பாடு நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் காலையில் கந்தசாமியைத் தேடி, வெறும் வயிற்றோடு வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினான். சாப்பிடாவிட்டால் வராது என்று நினைத்தான். மலைப் பாதையில் இரண்டு வளைவு திரும்பும் முன்பே வந்துவிட்டது. முன்சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, நெற்றியெல்லாம் வேர்வையாக எழுந்து நின்றான்.

"அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க."

"இப்பத்தானேய்யா அடிவாரத்துல நிறுத்தினேன்?" என்றார் கண்டக்டர்.

"அவசரம்ணே."

"ஏறும்போதே கேட்டிருக்கணும், டிக்கெட் பஸ்ஸுக்கா கக்கூஸுக்கான்னு."

பஸ் முழுக்கச் சிரித்தது. மடியில் கோழியை வைத்திருந்த ஒரு பெண் முக்காட்டை இழுத்து மூக்கை மூடிக்கொண்டாள். இவ்வளவுக்கும் இன்னும் எதுவும் நடக்கவில்லை. பஸ் நின்றது. அவன் புதருக்குள் ஓடினான். வெளியே வந்தபோது வளைவில் டீசல் நாற்றம் மட்டும் இருந்தது.

மீதியை நடந்தான். கால் தள்ளாடியபோது பாலத்துக் கட்டைச் சுவரில் உட்கார்ந்தான். வெயில் இதமாக இருந்தது. மரங்களுக்கு மேலே மேகம் ஒன்று, யாரோ விரித்துப் போட்டுவிட்டு மறந்து போன பாய் மாதிரி கிடந்தது. கண் சொருகியது. சொருகிய உடனே தலைக்குள் மணி அலறியது. துள்ளி எழுந்து, இல்லாத டார்ச் விளக்கைத் தேடிக் கையை நீட்டினான். எதிரில் பள்ளத்தாக்குதான் இருந்தது. ஒரு கால் வழுக்கியது. அப்புறம் அவன் எங்கும் உட்காரவில்லை.

கந்தசாமியின் வீடு கரியாலூரைத் தாண்டி, மரவள்ளிக் காட்டை ஒட்டி இருந்தது. முற்றத்துப் பலாமரத்தடியில் கயிற்றுக் கட்டில். அதில் கந்தசாமி மல்லாந்து தூங்கினான். அன்று கைக்குழந்தையாக இருந்த பையன், வளர்ந்து, அவன் மார்பில் கவிழ்ந்து தூங்கினான். செவ்வந்தி முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். வந்தவனை அடையாளம் தெரிந்துகொண்டதும் முறத்தைக் கீழே வைத்தாள். எழுந்திருக்கவில்லை.

"சத்தம் போடாதீங்க" என்றாள் தாழ்ந்த குரலில். "தூங்கறாங்க."

அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். பட்டப்பகலில், யாரும் எழுப்பாமல், இரண்டு பேர் தூங்குவதைப் பார்த்தான். கந்தசாமியின் வாய் திறந்திருந்தது. அந்தத் தூக்கத்தைப் பார்க்கப் பார்க்க, இலை போட்ட பந்தியை வெளியே நின்று பார்ப்பவனைப் போல அவன் வாயில் எச்சில் ஊறியது.

ஆடுகள் நாலைந்து முற்றத்தைக் கடந்து போயின. ஏதோ குறைந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவனுக்குப் புரிந்தது. ஒரு ஆட்டின் கழுத்திலும் மணி இல்லை. மலையில் மணி கட்டாமல் யாரும் ஆடு விடமாட்டார்கள்.

கடைசி ஆடு ஒரு தகர டப்பாவைத் தட்டிவிட்டது. டப்பா உருண்டது. அவ்வளவுதான். பையன் அடிபட்டவன் போல விறைத்து எழுந்தான். மற்ற பிள்ளைகள் மாதிரி அழவில்லை. இரண்டு காதையும் இறுக்கிப் பொத்திக்கொண்டு, கண்ணை விரித்து மேலே பார்த்தான். அவன் டவுசரும் கந்தசாமியின் மார்பும் நனைந்தன.

"அதுக்குத்தான் ஆட்டுக்குக் கட்டறதில்ல" என்றாள் செவ்வந்தி. "போன மழையில ஒண்ணு காணாமப் போச்சு. போவட்டும்."

கந்தசாமி விழித்துக்கொண்டு, பையனின் முதுகைத் தட்டிக்கொண்டே வந்தவனைப் பார்த்தான். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

"வாங்க சின்னவரே. இன்னா இப்பிடி எளச்சிப் போயிட்டீங்க?"

கொளஞ்சியப்பன் சொன்னான். வியாதி, டாக்டர், பை, ஒரு மாதம் எல்லாம் சொன்னான். மணியைப் பற்றிச் சொல்லாமல் விட நினைத்தான். செவ்வந்தி விடவில்லை.

"அந்த மணி இன்னும் இருக்குதா?"

"இருக்குது."

"எங்க?"

"என் ரூம்ல. என் தலைமேல."

செவ்வந்தி அவனையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். பையன் மறுபடி கண் அயர்ந்துகொண்டிருந்ததால், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது. கால் பட்டு, முறத்தில் இருந்த சாமை தரையில் சிந்தியது. நிறுத்தப் பார்ப்பாள், இவன் முகத்தைப் பார்ப்பாள், மறுபடி ஆரம்பித்துவிடுவாள்.

கந்தசாமி சிரிக்கவில்லை. தெரிந்த தொழிலைப் பற்றி விசாரிக்கிறவன் போலக் கேட்டான். "ஒரே மூச்சா அடிக்குதா, வுட்டு வுட்டு அடிக்குதா?"

"வுட்டு வுட்டுத்தான்."

"அதான் மோசம். நின்னுடுச்சுன்னு நெனச்சிக் கண்ண மூடுவோம் பாருங்க, அப்ப அடிக்கும். பஞ்சு வெச்சிப் பாத்தீங்களா காதுல?"

"வெச்சேன்."

"பஞ்சுக்கு அடங்காது. மெழுகு வெச்சாலும் அடங்காது. நாங்க பாத்துட்டோம்." பையனின் தலைமுடியை விரலால் கோதினான். "நல்லா செஞ்சிருந்தீங்க சின்னவரே. படிச்ச கை இல்ல?"

கொளஞ்சியப்பன் தலையைக் குனிந்துகொண்டான். "நீ வந்துட்டா அண்ணன் அத்தக் கழட்டிடறேன்னாரு."

"கழட்டி?"

அதே கேள்வி. முந்தின நாள் அண்ணனிடம் அவன் கேட்ட அதே கேள்வி. பதிலும் அவனுக்குத் தெரியும்.

"கழட்டி எங்க மாட்டுவாரு, சின்னவரே?"

அந்த நேரம் பார்த்து வயிறு முறுக்கியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். செவ்வந்தி ஒரு சொம்புத் தண்ணீரையும் களைக்கொத்தையும் அவன் பக்கமாகத் தள்ளினாள். "காட்டுக்கு அந்தாண்ட போங்க. குழி தோண்டி மூடிட்டு வாங்க. புள்ளைங்க வெளையாடற எடம்."

மரவள்ளிச் செடிகளுக்குப் பின்னால் உட்கார்ந்தபோது வந்தது கிட்டத்தட்ட வெறும் ரத்தம். சிவப்பு மண்ணில் அது பெரிதாகத் தெரியவில்லை. குழியை மூடினான். அங்கிருந்தே பஸ் ரோட்டுக்கு ஒரு ஒற்றையடிப் பாதை போனது. ஒன்றும் கேட்காமல் அப்படியே போய்விடலாம். போனால் வீடு, பின் அறை, மணி, குழாய், பை. களைக்கொத்தின் மண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தான்.

பையன் இப்போது கட்டிலில் தனியாகப் படுத்திருந்தான். நனைந்த டவுசரைக் கழற்றியிருந்தார்கள். கை இரண்டையும் விரித்துப் போட்டு, உதடு பிரிந்து, மூச்சு ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. கந்தசாமி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். செவ்வந்தி சிந்திய சாமையை ஒவ்வொரு மணியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கொட்டாயிலதான் மாட்டுவாரு" என்றான் கொளஞ்சியப்பன். "பழைய எடத்துலயே."

செவ்வந்தியின் கை நின்றது.

அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் மண்டி போட்டு உட்கார்ந்தான். பையனின் மூச்சு அவன் கையில் பட்டது. பையன் எழுந்துவிடக் கூடாது என்று குரலை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தினான். அந்தப் பிள்ளையின் தூக்கத்துக்காக அவன் குரலைத் தாழ்த்தியது அதுதான் முதல் தடவை.

"கந்தசாமிண்ணே" என்றான். "ஒரு மாசம். ஒரே ஒரு மாசம் கொட்டாயில வந்து படுத்துக்கறீங்களா?"